ஆளில்லாக் கண்டத்துக்கு ஆண்டுக்கு லட்சம் பேர்

உஷுவாயாவுக்கு ஒரு காலத்தில் ஆட்களைக் காவலோடுதான் கப்பலேற்றி அனுப்பினார்கள். அர்ஜென்டீனாவின் தென்கோடி ஊர் அது. தப்பித்தாலும் போக்கிடம் கிடையாது என்பதால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஒரு பெரிய சிறையைக் கட்டினார்கள். கட்டியவர்களும் கைதிகளே. 1947-ல் சிறை மூடப்பட்டது. கட்டடம் அருங்காட்சியகமாகிவிட்டது. கைதிகள் மரம் வெட்டப் போய்வந்த குட்டி ரயிலில் இன்று சுற்றுலாப் பயணிகள் டிக்கெட் வாங்கி ஏறுகிறார்கள்.

அந்த ஊரின் துறைமுகத்தில் நவம்பர் முதல் மார்ச் வரை கப்பல்கள் இடைவெளியில்லாமல் வந்து போகின்றன. காலையில் ஒரு கூட்டம் இறங்கும். மாலைக்குள் கேபின்களைத் துடைத்து, அரிசி முதல் ஒயின் வரை ஏற்றி, அடுத்த கூட்டத்தோடு கப்பல் கிளம்பிவிடும். போகும் இடம் அண்டார்க்டிகா. அந்தக் கண்டத்துக்குப் போகும் சுற்றுலாக் கப்பல்களில் மிகப் பெரும்பாலானவை உஷுவாயாவிலிருந்தே புறப்படுகின்றன. நடுவில் டிரேக் நீரிணை. உலகிலேயே முரட்டுத்தனமான கடல்களில் ஒன்று. இரண்டு நாள் குடலைப் புரட்டி எடுத்துவிட்டுத்தான் மறுகரைக்கு விடும். அதையும் தாங்க மாட்டாதவர்களுக்காக, சிலியின் புந்தா அரேனாஸ் நகரிலிருந்து இரண்டு மணி நேர விமானப் பயணத்தில் கிங் ஜார்ஜ் தீவில் இறங்கி, அங்கிருந்து கப்பலேறும் ஏற்பாடும் வந்துவிட்டது.

1992-93 பருவத்தில் அண்டார்க்டிகா போன சுற்றுலாப் பயணிகள் ஏழாயிரத்துக்கும் குறைவு. 2019-20-ல் அது சுமார் 74,000 ஆனது. கொரோனா இடையில் வந்து கப்பல்களைக் கட்டிப்போட்டது. கட்டு அவிழ்ந்ததும் பாய்ச்சல்: 2023-24 பருவத்தில் சுமார் 1,22,000 பேர். இவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் கரையில் கால் வைக்காமல், பெரிய கப்பல்களின் டெக்கில் நின்று பனிமலைகளைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பியவர்கள். அடுத்த பருவத்தில் எண்ணிக்கை சற்றே இறங்கியும் ஒரு லட்சத்துக்குக் குறையவில்லை. அண்டார்க்டிகாவில் நிரந்தரக் குடிமக்கள் என்று ஒருவர்கூடக் கிடையாது. எல்லா நாடுகளின் ஆய்வு நிலையங்களையும் சேர்த்தால், கோடையில் ஐந்தாயிரம் பேர், குளிர்காலத்தில் ஆயிரம் பேர். அவ்வளவுதான்.

இத்தனை பேரும் கண்டம் முழுக்கப் பரவிப் போவதில்லை என்பது முக்கியம். தென் அமெரிக்காவை நோக்கி நீண்டிருக்கும் அண்டார்க்டிக் தீபகற்பத்தின் மேற்குக் கரையில், கப்பல் அணுகக்கூடிய, பென்குவின்கள் முட்டையிடும் சில பத்து இடங்களில்தான் இறங்குகிறார்கள். பனி விலகி வெறும் பாறை தெரியும் இடங்கள் அவை. பென்குவின்களுக்கும் அதே பாறைதான் வேண்டும்.

ஒரு சுவீடன்காரரின் யோசனை

இந்தத் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாட். சுவீடனில் பிறந்து நியூயார்க்கில் பயண நிறுவனம் நடத்தியவர். 1958-லேயே அர்ஜென்டீனக் கப்பல் ஒன்று சுற்றுலாப் பயணிகளை அந்தப் பக்கம் அழைத்துப் போயிருந்தது. ஆனால் அதை ஒரு தொழிலாக வளர்த்தவர் லிண்ட்பிளாட்தான். 1966-ல் அர்ஜென்டீனக் கடற்படைக் கப்பலை வாடகைக்கு எடுத்து ஐம்பது சொச்சம் பேரை அழைத்துப்போனார். 1969-ல் பனிக்கடலில் போவதற்கென்றே ‘லிண்ட்பிளாட் எக்ஸ்ப்ளோரர்’ என்ற சின்னச் சிவப்புக் கப்பலைக் கட்டினார். கூடவே ஆய்வாளர்களை ஏற்றிக்கொண்டு, மாலையில் பாடம் நடத்தச் சொன்னார். பார்த்தவர்கள் அந்த இடத்துக்காகப் பரிந்து பேசுவார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. இன்றும் துருவப் பயண விளம்பரங்கள் எல்லாவற்றிலும் இந்த வாதம் தவறாமல் இருக்கும். திரும்பி வந்தவர்களில் எத்தனை பேர் அப்படிப் பரிந்து பேசினார்கள் என்ற கணக்கை மட்டும் எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

1991-ல் ஏழு நிறுவனங்கள் சேர்ந்து அண்டார்க்டிகா பயண ஏற்பாட்டாளர்களின் சர்வதேச சங்கத்தைத் தொடங்கின. இன்று அங்கே கப்பல் விடும் நிறுவனங்களில் ஏறக்குறைய எல்லாமே அதில் உறுப்பினர்கள். சங்கத்தின் விதிகள் கறாரானவை. ஒரே நேரத்தில் கரையில் 100 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. 20 பேருக்கு ஒரு வழிகாட்டியாவது வேண்டும். 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பலிலிருந்து யாரும் கரையிறங்கக் கூடாது. பென்குவினுக்கும் மனிதனுக்கும் குறைந்தது ஐந்து மீட்டர் இடைவெளி. பென்குவின் தானாக நெருங்கி வந்தால், மனிதன்தான் ஒதுங்க வேண்டும். எந்தக் கப்பல் எந்த நாளில் எந்தக் கரையில் நிற்கும் என்பதை முன்கூட்டியே பதிவு செய்துகொள்கிறார்கள். எனவே, பயணியின் கண்ணுக்கு வேறு கப்பலே தெரியாது. உலகத்தின் விளிம்பில் தான் மட்டும் நிற்பதாக நினைத்துக்கொள்வார். அடுத்த வளைவுக்குப் பின்னால் இன்னொரு கப்பல் தன் முறைக்காகக் காத்திருக்கும்.

தீபகற்பக் கப்பல்களில் பல, 200-க்கும் குறைவான பயணிகளோடு போவதற்கும் இந்த 100 பேர் விதியே காரணம். இரண்டு ஷிஃப்டில் வேலை முடிந்துவிடும். ஒரு கூட்டம் ஸோடியாக் ரப்பர் படகில் ஏறிப் பனிப்பாறைகளைச் சுற்றிவர, மறு கூட்டம் கரையில் நடக்கும். பிறகு இடம் மாற்றிக்கொள்வார்கள்.

இந்தச் சங்கத்தைக் குறைசொல்வது சுலபம். ஆனால் அது ஒழுங்காகவே வேலை பார்த்திருக்கிறது. திமிங்கிலங்கள் மேயும் பகுதிகளில் வேகத்தை 10 நாட் அளவுக்குக் குறைக்கும் ஏற்பாட்டை 2019-ல் தானாகவே கொண்டுவந்தது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. விதியை எழுதுவது, அதைக் கடைப்பிடிப்பது, மீறினால் கேட்பது எல்லாமே டிக்கெட் விற்பவர்கள் கையில். எத்தனை பேர் ஒரே சமயத்தில் இறங்கலாம் என்று அவர்கள் சொல்வார்கள். மொத்தம் எத்தனை பேர் வரலாம் என்பதை அவர்களிடம் எதிர்பார்க்க முடியாது. எந்த வியாபாரியும் தன் கடைக்கு வரும் கூட்டத்துக்குத் தானே உச்சவரம்பு வைப்பதில்லை.

அந்தச் சிவப்புக் கப்பல் மூழ்கிய நாள்

லிண்ட்பிளாட்டின் கப்பல் கைமாறிக் கைமாறி, வெறும் ‘எக்ஸ்ப்ளோரர்’ என்ற பெயரோடு ஓடிக்கொண்டிருந்தது. 2007 நவம்பர் 23. தெற்கு ஷெட்லாண்டு தீவுகளுக்கு அருகே நள்ளிரவில் பனியில் மோதியது. தண்ணீர் உள்ளே ஏற, 154 பேரும் உயிர்காப்புப் படகுகளில் இறங்கினார்கள். குளிரில் மணிக்கணக்காகக் காத்திருந்தபின் நார்வே நாட்டுக் கப்பல் ‘நோர்ட்நோர்கே’ வந்து அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டது. கடல் அன்று அடங்கியிருந்தது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. எரிபொருளோடு கப்பல் மட்டும் அன்றே கடலடிக்குப் போய்விட்டது.

காப்பாற்ற வந்ததும் ஒரு சுற்றுலாக் கப்பல்தான். அண்டார்க்டிகாவில் கடலோரக் காவல் படை என்று ஒன்று நிரந்தரமாக நிற்பதில்லை. தேடுதல், மீட்புப் பொறுப்பை அர்ஜென்டீனா, சிலி, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகள் பகுதி பிரித்து வைத்துக்கொண்டிருக்கின்றன. ஆபத்து என்று கூப்பிட்டால் முதலில் வருவது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் இன்னொரு பயணக் கப்பல்தான். 154 பேரை இன்னொரு கப்பலில் நெருக்கி ஏற்றிவிடலாம். சில ஆயிரம் பேர் இருக்கும் கப்பலுக்கு அப்படி ஒன்று நேர்ந்தால்?

இந்தக் கேள்வியின் விளைவாகச் சில நல்ல சட்டங்கள் வந்தன. கெட்டியான கன எண்ணெயை எரிபொருளாகக் கொண்டுசெல்வது அண்டார்க்டிகக் கடலில் 2011 ஆகஸ்ட் முதல் தடை செய்யப்பட்டது. அது குளிர்ந்த நீரில் கொட்டினால் எளிதில் கரையாது, அள்ளவும் முடியாது. பெரிய கப்பல்கள் பல அந்தத் தடையோடு ஒதுங்கின. துருவக் கடல்களில் போகும் கப்பல்களின் கட்டமைப்பு, உயிர்காப்பு வசதி, மாலுமிகளின் பயிற்சி பற்றிய சர்வதேச விதித்தொகுப்பு 2017-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் மறுபக்கமும் உண்டு. எப்படிக் கட்டினால் அனுமதி கிடைக்கும் என்று தெளிவாகத் தெரிந்துவிட்டதால், நிறுவனங்கள் துணிந்து புதுக் கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்தன. 2019-ல் மின்கலத்தோடு ஓடும் ‘ரொவால் அமுண்ட்சன்’, 2021-ல் இயற்கை எரிவாயுவில் ஓடும் பனி உடைக்கும் சொகுசுக் கப்பல் ‘கொமாண்டன் ஷார்கோ’ என்று வரிசையாக வந்தன. போட்ட முதலை எடுக்க, அவை ஒவ்வொரு பருவமும் நிறைந்து ஓடியாக வேண்டும்.

காலணியில் ஒட்டிய விதை

அப்படியென்ன சேதம் செய்கிறார்கள் என்று கேட்கலாம். கோபுரம் கட்டவில்லை, குப்பை போடவில்லை. வந்து, பார்த்து, போகிறார்கள்.

2022-ல் சிலி நாட்டு ஆய்வாளர்களின் தலைமையில் ஒரு குழு தீபகற்பப் பகுதியில் பனியின் மேல் படிந்த கரித்துகளை அளந்து வெளியிட்டது. ஆய்வு நிலையங்களுக்கும் கப்பல்கள் வந்துபோகும் கரைகளுக்கும் அருகே பனி கருத்திருந்தது. கருத்த பனி வெயிலை உறிஞ்சும். சீக்கிரம் உருகும். அவர்களின் கணக்குப்படி, ஒரு சுற்றுலாப் பயணியின் பயணம் விடும் புகையால் சுமார் 83 டன் பனி முன்கூட்டியே உருகுகிறது.

விதைகளின் கதை இன்னும் சுவாரசியம். 2007-08 பருவத்தில் அங்கே போனவர்களின் காலணி, பை, சட்டைப்பை, கேமரா உறை எல்லாவற்றையும் வேக்யூம் கிளீனர் வைத்து உறிஞ்சிச் சோதித்தார்கள். அந்த ஒரு பருவத்தில் மட்டும் சுமார் 70,000 விதைகள் உள்ளே போயிருக்கும் என்று கணக்கிட்டார்கள். ஆளுக்கு ஆள் ஒப்பிட்டால், சுற்றுலாப் பயணிகளைவிட ஆய்வாளர்கள்தான் அதிக விதை சுமந்துபோயிருந்தார்கள்! மலையிலும் காட்டிலும் வேலை பார்த்த அதே பையோடு கப்பலேறியவர்கள் அவர்கள். விளைவு கண்ணெதிரே இருக்கிறது. வேற்று நிலத்துப் புல் ஒன்று கிங் ஜார்ஜ் தீவில் வேர் பிடித்துவிட்டது. அதனால்தான் இப்போது பயணிகள் கப்பலைவிட்டு இறங்குமுன் வெல்க்ரோவில் ஒட்டிய முள்ளைக்கூட ஊசியால் நோண்டி எடுக்கிறார்கள். காலணியைக் கிருமிநாசினியில் முக்குகிறார்கள்.

பறவைக் காய்ச்சல் வந்த பிறகு கட்டுப்பாடு இன்னும் இறுகியது. 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியாவை ஒட்டிய பேர்டு தீவில் ஸ்குவா பறவைகளிடம் ஹெச்5என்1 கண்டறியப்பட்டது. 2024 பிப்ரவரியில் அது அண்டார்க்டிகக் கண்டத்தையே எட்டியது. கொண்டுவந்தவை வலசைப் பறவைகளே, சுற்றுலாப் பயணிகளைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்குக் கிருமியைச் சுமந்துவிடக் கூடாதே. இப்போது அங்கே யாரும் தரையில் உட்காரக் கூடாது, மண்டியிடக் கூடாது, பையைக் கீழே வைக்கவும் கூடாது.

போர்ட் லாக்ராயைப் பார்த்தால் கூட்டத்தின் அளவு புரியும். கௌடியர் என்ற மிகச் சிறிய தீவில் இரண்டாம் உலகப் போரின்போது, 1944-ல், பிரிட்டன் அமைத்த முகாம் அது. இப்போது அருங்காட்சியகமும் தபால் நிலையமும். கோடையில் ஒரு சில ஊழியர்கள் அங்கே தங்கி, வருபவர்களின் தபால் அட்டைகளுக்கு முத்திரை குத்துகிறார்கள். ஒரு பருவத்தில் பல பத்தாயிரம் அட்டைகள். வாசற்படிக்குக் கீழே ஜென்டூ பென்குவின்கள் அடைகாக்கின்றன. தீவின் ஒரு பகுதிக்குள் யாரையும் விடுவதில்லை. மனிதர்கள் வரும் பக்கமும் வராத பக்கமும் எப்படி இருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இந்த ஏற்பாடு.

வடக்கே ஊர்கள் இருக்கின்றன

ஆர்க்டிக்கின் கதை வேறு. தெற்கே நடுவில் கண்டம், சுற்றிலும் கடல். வடக்கே நடுவில் கடல், சுற்றிலும் நாடுகள். அங்கே மக்கள் வாழ்கிறார்கள்.

அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் கனடாவின் பனித் தீவுகளுக்கிடையே இணைக்கும் வடமேற்கு வழியைத் தேடி, 1845-ல் ஜான் ஃபிராங்க்ளின் இரண்டு கப்பல்களோடு போனார். 129 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. 1903-ல் கிளம்பிய நார்வேக்காரர் ரொவால் அமுண்ட்சன், மூன்று ஆண்டுகள் பனியோடு மல்லுக்கட்டி 1906-ல் அதைக் கடந்து முடித்தார். 2016-ல் ‘கிரிஸ்டல் செரினிட்டி’ சுமார் ஆயிரம் பயணிகளோடு, நீச்சல் குளமும் நாடக அரங்கும் சகிதமாக, 32 நாள்களில் அலாஸ்காவிலிருந்து நியூயார்க் போய்ச் சேர்ந்தது. குறைந்தபட்சக் கட்டணமே ஏறத்தாழ 22,000 டாலர். அன்றைய மதிப்பில் 15 லட்சம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

வழியில் கேம்பிரிட்ஜ் பே என்ற ஊர். சுமார் 1,700 பேர் வாழும், ஆர்க்டிக் பூர்வகுடிகளான இனுயிட்டுகளின் ஊர் அது. கப்பலில் வந்தவர்களையும் மாலுமிகளையும் சேர்த்தால், ஊர் மக்கள்தொகையை நெருங்கிவிடும். இன்னொரு நிறுத்தமான உலுஹாக்டோக்கில் மக்கள்தொகை நானூறு சொச்சம்தான். ஊரார் நடனமாடிக் காட்டினார்கள், கைவினைப் பொருள்களைக் கடை பரப்பினார்கள். ஆனால் இனுயிட் பெண்களின் கைத்திறன் முழுவதும் தெரிவது சீல் தோல் வேலையில். சீல் தோல் பொருள்களை அமெரிக்காவுக்குள் கொண்டுபோக அந்நாட்டுச் சட்டம் தடை விதிக்கிறது. எனவே, அமெரிக்கப் பயணிகளிடம் அவற்றை விற்க முடியாது. இனுயிட்டுகள் சீல் வேட்டையாடுவது காட்டுமிராண்டித்தனம் என்று பிரசாரம் செய்து சந்தையை மூடிய அதே உலகம், அவர்களின் பண்பாட்டைப் பார்க்கக் காசு கொடுத்து வருகிறது. இதைவிடக் கசப்பான நகைச்சுவை துருவச் சுற்றுலாவில் இல்லை.

வடக்கேயும் விபத்துகளுக்குக் குறைவில்லை. 2010-ல் ‘கிளிப்பர் அட்வென்சரர்’ கனடாவின் குக்லுக்டுக் ஊருக்கு அருகே நீருக்கடியிலிருந்த பாறையில் ஏறி நின்றது. பனி உடைக்கும் கப்பல் ஒன்று வந்து பயணிகளை மீட்டது. அந்தப் பாறையைப் பற்றிய எச்சரிக்கை 2007-லேயே வெளியாகியிருந்தது என்பது பின்னால் வழக்கில் தெரியவந்தது. கனடாவின் ஆர்க்டிக் கடலில் நவீன முறையில் ஆழம் அளக்கப்பட்ட பகுதி இன்னும் சிறு பங்குதான். 2023 செப்டம்பரில் கிழக்கு கிரீன்லாந்தின் ஆல்ப் ஃபியோர்டில் ‘ஓஷன் எக்ஸ்ப்ளோரர்’ தரைதட்டியது. உள்ளே 206 பேர். டென்மார்க் கடற்படைக் கப்பல் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. மூன்று நாள் கழித்துத்தான் கிரீன்லாந்தின் மீன்வள ஆய்வுக் கப்பல் ஒன்று வந்து இழுத்துவிட்டது.

பனி குறையக் குறையக் கப்பல் போக வழி கூடுகிறது. ஆர்க்டிக் பகுதி உலக சராசரியைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகிவருகிறது. நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் தீபகற்பம் என்று வரைபடத்தில் குறித்துவைத்திருந்த ஒரு நிலம், பனியாறு பின்வாங்கியதும் தீவு என்று தெரியவந்தது. இதைப் பார்க்கவும் கப்பல்கள் போகின்றன.

உரிமையாளர் இருந்தால் சட்டம் வரும்

ஸ்வால்பார்டின் தலைநகரமான லாங்இயர்பைன், நிலக்கரிக்காக 1906-ல் பிறந்த ஊர். சுமார் 2,500 பேர் வாழ்கிறார்கள். ஊரின் எல்லையைத் தாண்டினால் பனிக்கரடியிடமிருந்து தற்காத்துக்கொள்ளும் ஏற்பாடு கட்டாயம். கடைசியாக இயங்கிய நார்வே நாட்டுச் சுரங்கமும் 2025-ல் மூடப்பட்டது. நிலக்கரி போன பிறகு அந்த ஊருக்குச் சோறு போடுவதில் சுற்றுலாவுக்குப் பெரும்பங்கு. அப்படியிருந்தும் நார்வே அரசு கதவை அகலத் திறந்துவிடவில்லை. நெருக்கத்தான் செய்தது.

2018 ஜூலையில் ஜெர்மானியக் கப்பல் ஒன்றின் காவலர்கள், பயணிகள் இறங்குமுன் கரையைச் சோதிக்கப் போனார்கள். ஒரு காவலரைப் பனிக்கரடி தாக்கியது. கரடியைச் சுட்டுக் கொன்றார்கள். மனிதர்களே இல்லாத இடத்துக்கு வேடிக்கை பார்க்கப் போய், அங்கே வாழும் விலங்கைக் கொன்றுவிட்டார்கள் என்று உலகமெங்கும் கண்டனம் கிளம்பியது. 2022-ல் கன எண்ணெய்க்கான தடை தீவுக்கூட்டத்தின் கடல் முழுவதற்கும் வந்தது. 2025 ஜனவரி 1 முதல், பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பலுக்கு அனுமதியில்லை. அந்தப் பகுதிகளில் இறங்க 43 இடங்கள் மட்டும். பனிக்கரடியிடமிருந்து 300 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர். பயண நிறுவனங்கள் முணுமுணுத்தன. சட்டம் சட்டமாகவே நின்றது. 1920-ம் ஆண்டின் ஒப்பந்தப்படி ஸ்வால்பார்டு நார்வேயின் ஆளுகையில் இருக்கிறது. கேட்க ஓர் அரசு இருக்கிறது.

அண்டார்க்டிகாவில் அது இல்லை. ஏழு நாடுகள் அங்கே உரிமை கோருகின்றன. 1959-ம் ஆண்டின் ஒப்பந்தம் அந்தக் கோரிக்கைகளை அப்படியே உறைய வைத்தது. முடிவெடுக்கும் உரிமை 29 நாடுகளுக்கு. ஒரு நாடு தலையை ஆட்ட மறுத்தாலும் முடிவு கிடையாது. எம்பரர் பென்குவினைச் சிறப்புப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கும் யோசனையே 2022-ல் சீனாவின் மறுப்பால் நின்றுபோனது. கரையில் 100 பேர், கப்பலில் 500 பேர் என்ற வரம்பை 2009-ல் அந்த நாடுகள் தாமாகவே ஏற்றுக்கொண்டன. எல்லா நாடுகளும் முறைப்படி ஒப்புதல் தராததால், அது பத்தாண்டுக்கு மேலாகியும் கட்டாயச் சட்டமாகவில்லை. இன்றைக்கு அந்த வரம்பு பெருமளவு நிற்பதே பயண நிறுவனங்களின் சங்கம் அதைத் தன் விதியாக வைத்திருப்பதால்தான். நாளைக்குச் சங்கத்தில் சேராத ஒரு பெரிய நிறுவனம், இந்த ஒப்பந்தத்தில் இல்லாத ஒரு நாட்டின் கொடியோடு வந்தால், ‘தயவுசெய்து’ என்றுதான் கேட்க முடியும்.

இங்கேதான் இந்தியா வருகிறது. 2024 மே மாதம் கொச்சியில் அண்டார்க்டிக் ஒப்பந்த நாடுகளின் 46-வது ஆலோசனைக் கூட்டம் நடந்தது. சுற்றுலாவுக்கு ஒரு முழுமையான ஒழுங்குமுறையை உருவாக்கத் தனிப் பணிக்குழு முதன்முறையாக அங்கேதான் அமைந்தது. அந்த 29 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 1983 முதல் வாக்கு உண்டு. மைத்ரி, பாரதி என்று இரண்டு நிலையங்கள் இயங்குகின்றன. இந்திய அண்டார்க்டிகச் சட்டத்தை 2022-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றியபோது, பெருகிவரும் சுற்றுலாவை நிர்வகிப்பதில் பங்கெடுப்பதையும் அரசு ஒரு நோக்கமாகச் சொன்னது.

ஒருமித்த முடிவு எட்டாக்கனி என்று கைவிரிக்கவும் முடியாது. அண்டார்க்டிகாவில் கனிமம் தோண்ட வழிசெய்யும் உடன்படிக்கை 1988-ல் தயாரானது. ஆஸ்திரேலியாவும் பிரான்சும் 1989-ல் அதில் கையெழுத்திட மறுத்தன. 1991-ல் மாட்ரிட்டில் அதே நாடுகள் கூடி, சுரங்கத்தையே தடைசெய்தன. இரண்டு ஆண்டுகளில் நடந்த மாற்றம் அது. ஒரு பருவத்துக்கு மொத்தம் எத்தனை பயணிகள், எத்தனை கப்பல்கள், எந்தெந்தக் கரைகளை முழுவதும் மூடுவது என்பதை முடிவு செய்வது அதைவிடச் சிறிய வேலைதான். கொச்சியில் தொடங்கிய பேச்சை எண்களோடு கூடிய சட்டமாக முடித்துவைக்கும்படி வற்புறுத்த வேண்டிய நாடுகளில், கூட்டத்தை நடத்திய இந்தியா முதல் வரிசையில் நிற்க வேண்டும்.